கடைசியில் ஒரு ‘ம்’

பேய்க்கதை சொல்வதில் இந்த ட்ருகனினாப் புறநகரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று போன ஒக்ரோபர் முப்பதாம் திகதிவரை நான் நம்பியிருந்தேன். முப்பத்தோராம் திகதி அந்த நம்பிக்கை போய்விட்டது. போனதில் எனக்குத் துளிக் கவலையும் இல்லை. சொல்லப்போனால் அதைப்போல ஒரு சந்தோஷப் புளுகம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

என் பெயர் சிவாஜினி. ஒரு வேர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். விடிய ஐந்துக்குத் தொடங்கினால் பகல் ஒன்றரைக்கு முடியும். எங்கள் ஷிஃப்டில் பதினாறு ஆண்கள், பொம்பிளை நான் ஒருத்தி. என் வாய்க்குப் பயந்து ஒருத்தனும் என் பாதையில் சாமானை விட்டுவிட்டுப் போகமாட்டான். என் கணவர் சுஜீதன் பஸ் ஓட்டுகிறவர். சாதுவான மனுசன். எங்களுக்கு ஒரே மகள், ஆரபி. பதினொரு வயது.

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷம் ஹலோவீன் அன்றைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் எலும்புக்கூடாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வாளியோடு கிளம்பினார்கள். ஆரபிக்கு அப்போது ஏழு வயது. தானும் போகப்போகிறேன் என்றாள்.

“என்னது? வீடு வீடாய்ப் போய் இனிப்புக்குக் கை நீட்டுறதோ? என்ர பிள்ளையோ?” என்று நான் ஏறிப் பாய்ந்தேன்.

பிள்ளை சத்தம் போடாமல் அழுதது. சத்தம் போட்டு அழுதிருந்தால் நான் அசைந்திருக்கமாட்டேன். சத்தமில்லாமல் அழுதால் எனக்குத் தாங்காது. “சரி சரி, அழாத. உனக்குப் பேய்தானே வேணும்? வீட்டிலயே காட்டுறன் வா” என்று கூட்டிக்கொண்டு போய், முன்பக்கத்தில் படம் பார்க்கிற தியேட்டர் ரூமின் ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டினேன். இந்த ஊரில் ஹலோவீன் வசந்தகாலத்தில் அல்லவா வருகிறது? எட்டு மணிவரைக்கும் வெயில். அந்த வெளிச்சத்தில் எந்தப் பேய்க்கு மரியாதை இருக்கும்?

அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு ஹலோவீனுக்கும் பின்னேரம் வாசலில் ஒரு கிண்ணம் நிறைய இனிப்பு, உள்ளே இருட்டில் ஒரு டோர்ச்சோடு நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பேய்க்கதை சொல்லுவோம், பாட்டுக் கட்டுவோம். எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான். கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வந்தால்தான் சொல்கிறவர் அடுத்த வரிக்குப் போகலாம். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிட வேண்டும்.

என் கதைக்கு ‘ம்’ நின்றதே இல்லை. அதுமட்டுமா, ஒவ்வொரு வருஷமும் பேய் வரும் கட்டத்தில் சுஜீதன் “ஐயோ என்ர அம்மா!” என்று கத்துவார். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ஆரபி சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே வருஷா வருஷம் பேச்சுப்போட்டி நடக்கும். பேசுவது பிள்ளைகள், எழுதுவது தாய் தகப்பன். இது ஊருக்கே தெரிந்த இரகசியம். எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். சும்மா எழுதவில்லை. ‘அகிலமெலாம் அதிர்ந்து நிற்கும் அருந்தமிழின் ஆற்றல்தனை’ என்று தொடங்கினேன் என்றால் மண்டபம் நிமிர்ந்து உட்காரும். மூன்று வருஷம், மூன்று கேடயம். டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துத் துடைத்து வந்தேன்.

இந்த வருஷம் சந்திரவதனா ரீச்சர் புதிதாக ஒரு பிரிவு தொடங்கினா. ‘சொந்த ஆக்கம்’ என்று பெயர். பிள்ளையே எழுத வேண்டும், ஒரு சொல்லும் பெரியவர்கள் தொடக்கூடாது. இதற்காகக் கமிட்டியோடு ஆறு மாதம் சண்டை பிடித்தா என்று கேள்வி. அறுபது வயதிருக்கும், உதட்டைப் பிதுக்கினா என்றால் வகுப்பே அடங்கிவிடும்.

ஆரபி எனக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரு கவிதை எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் காட்டினாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது. பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. குட்டிக் குட்டி வரிகள். கடைசியில், தனியாக, ஒரேயொரு ‘ம்’.

“இது என்ன பிள்ளை, கடைசியில ஒரு ‘ம்’ அந்தரத்தில நிக்குது? முடிக்கேல்லையோ? எடுத்துப்போட்டு, ‘அலறினேன், அரண்டேன், அகமெலாம் நடுங்கினேன்’ எண்டு போட்டால் நல்லா இருக்கும்.”

“நோ அம்மா. முடிஞ்சுது. ப்ளீஸ், தொடாதேங்கோ.”

தாளை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். ஆனாலும் சட்டம் சட்டம்தானே என்று நான் அதைத் தொடவில்லை. சாமி சத்தியமாகத் தொடவில்லை.

ஹலோவீனுக்கு முதல் வாரம், சனிக்கிழமை, அந்தத் தாள் திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘வயதுக்கு மீறியது. பெற்றோர் ஆக்கம். சேர்க்க இயலாது.’ கடைசி ‘ம்’மைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆரபி அதை, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியில், மேசை மேல் வைத்தாள். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

“என்ர பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லுறாவோ? இப்பவே போய்க் கேக்கிறன் பார்! ஏன் அப்பிடி நினைச்சவவாம்?”

ஆரபிக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும், மனம் நொந்தால் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழில்தான் சொன்னாள்.

“ஏனெண்டால் நீங்கள்தானே அம்மா எப்பவும் எழுதுறனீங்கள்.”

பதினாறு ஆண்களை அடக்குகிற நான், அந்தத் தாளின் மடிப்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

“இனி நான் தமிழில எழுதமாட்டன்” என்றாள். “இங்கிலீஷில எழுதினால் ‘அம்மா எழுதினவவோ’ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் போடாமல்தான் சாத்தினாள். நான் அந்த மூன்று கேடயங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையால் துடைத்துத் துடைத்துப் பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சொல்ல என்ன இருக்கிறது, வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்? அரை மணித்தியாலத்தில் பள்ளிக்கூடத்துக் கார் பார்க்கில் நின்றேன். சந்திரவதனா ரீச்சர் காரில் புத்தகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தா.

“ரீச்சர், அது என்ர பிள்ளை எழுதினது. நான் தொடவே இல்லை.”

“மூண்டு வருஷமும் இதைத்தானே சொன்னனீர், சிவாஜினி?”

“அது… அது வேற. இது உண்மை.”

ரீச்சர் பெட்டியைக் கீழே வைத்தா. குரல் உயரவில்லை. “கேளும். பதினொரு வயசுப் பிள்ளையள் பெரிய பெரிய சொல்லை எடுத்து அடுக்குங்கள். சின்னச் சொல்லை வைச்சு ஆளை உலுப்புறதுக்குக் கை பழகின ஆள் வேணும். உங்கட வீட்டில கை பழகின ஆள் ஆர்? நீர்தானே?”

என்னைப் பாராட்டுகிறாவா, திட்டுகிறாவா என்று விளங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்தேன்.

“வாற சனிக்கிழமை போட்டிப் பட்டியல் ஒட்டவேணும்” என்றா. “இந்த ஒரு பிரிவாவது நேர்மையா நடக்கவேணும். உம்மட பிள்ளைக்காக வளைச்சால், நாளைக்கு எல்லாருக்கும் வளைக்கவேணும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை எங்கட வீட்டை வாங்கோ. ஹலோவீன். நாங்கள் கதை சொல்லுறனாங்கள். பிள்ளையின்ர வாயால ஒருக்காக் கேளுங்கோ. பிறகு முடிவு எடுங்கோ.”

“பாடமாக்கிச் சொன்னால் ஆர் எழுதினது எண்டு எப்பிடித் தெரியும்?”

“தெரியாட்டிப் பரவாயில்லை. வந்து ரோல்ஸ் சாப்பிட்டுட்டுப் போங்கோ.”

ரீச்சர் உதட்டைப் பிதுக்கினா. பிறகு, “வாறன். ஆனால் ஒரு வாக்கும் தரமாட்டன்” என்றா.

எனக்கு அது போதும். திட்டம் ரெடி. முதலில் நான் ஒரு கதை சொல்லுவேன். ரீச்சர் நடுங்கிப்போவா. அந்த நடுக்கத்தோடு நடுக்கமாக ஆரபி கவிதை சொல்லுவாள். மனம் இளகாமல் எங்கே போகப்போகிறது? ஒரு வாரம் முழுக்க ஃபோர்க்லிஃப்டில் இருந்தபடியே கதையைக் கட்டினேன். சாமானைத் தூக்கும்போது ஒரு வரி, இறக்கும்போது ஒரு வரி. பக்கத்தில் வேலை செய்கிற வியட்நாம்காரர், நான் தனியாகப் பேசி உறுமுவதைப் பார்த்து, தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டுத் தள்ளிப்போனார். அட, அந்நிய மனுசனுக்கே பயமாக இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

வியாழக்கிழமை ஆரபி என்னிடம் வந்தாள். கவிதை சொல்ல அரை மனதோடுதான் சம்மதித்திருந்தாள். “அம்மா, நாளைக்கு நீங்கள் கதை சொல்லாட்டில் என்ன?”

“ஏன்?”

“சும்மா.”

“உனக்கு ஒண்டும் தெரியாது. அம்மா பாதை போட்டுத் தாறன், நீ நடந்து வா.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டென்று குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ரீச்சர் தன் கணவர் ஆனந்தராஜா அங்கிளோடு வந்தா. அங்கிள் நல்ல மனுசன், சாப்பாட்டில் மட்டும் கவனமாக இருப்பவர். வெள்ளி என்றபடியால் மரக்கறி ரோல்ஸ்தான் செய்திருந்தேன். நாலு சாப்பிட்டுவிட்டு தியேட்டர் ரூமில் இருந்த சாய்கதிரையை நேராகப் போய்ப் பிடித்துக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்தியது. வீதி முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். உள்ளே குப்பைப் பைகளின் புண்ணியத்தில் நல்ல இருட்டு. எங்கள் சட்டத்தை விளக்கினேன். “கட்டாயம் ‘ம்’ கொட்டோணும், ரீச்சர்.”

“எனக்கு நீர் சொல்லித் தரோணுமோ? முப்பது வருஷமாப் பிள்ளையளின்ர கதைக்கு ‘ம்’ கொட்டுறன்” என்றா.

டோர்ச்சை என் தாடைக்குக் கீழே பிடித்தேன். தொண்டையைச் செருமினேன்.

“காரிருள் கவ்விய, கோட்டான்கள் கூவிய, குலை நடுங்கும் ஓர் கொடிய இரவினிலே…”

“ம்” என்றன நாலு குரல்கள். அருமையான தொடக்கம்.

“குருதி சொட்டும் கோரைப் பற்களோடு, கொள்ளி போன்ற கண்களோடு, விரிந்த கூந்தலோடு, வெண்ணிற ஆடையோடு, பயங்கரமான, பரிதாபமான, பழிவாங்கும் ஓர் உருவம்…”

“ம்” என்றன மூன்று.

அந்த உருவத்தைப் பாழடைந்த மாளிகைக்குள் கொண்டு வந்தேன். மாளிகைக்கு ஏழு வாசல். ஏழையும் வர்ணித்தேன். நாலாவது வாசலில் சாய்கதிரையிலிருந்து குறட்டை கேட்டது. ஐந்தாவது வாசலில் சுஜீதன், “ஐயோ என்ர அம்மா!” என்று கத்தினார்.

“என்ன கத்துறியள்? பேய் இன்னும் உள்ளுக்கு வரேல்லை!” என்றேன்.

“ஓ… வரேல்லையோ?” என்றார்.

இருட்டில் ஆரபி மெல்ல, “டாட்!” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் எனக்கு நாலு வருஷத்து உண்மை வெளித்துவிட்டது. இந்த மனுசன் ஒரு தரமும் பயந்ததில்லை. அலாரம் வைத்தது மாதிரி, நேரம் பார்த்துக் கத்தியிருக்கிறார். இவளுக்கும் அது தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. சுஜீதன் தப்பினேன் பிழைத்தேன் என்று எழும்பி ஓடி, ஐந்து வயது எலும்புக்கூடு ஒன்றுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு ஆறுதலாகத் திரும்பி வந்தார். நான் விடவில்லை. ஆறாவது வாசல், ஏழாவது வாசல், உருவம், அலறல், இடி, மின்னல், முற்றும். முடிவில் ‘ம்’ சொன்னது ஒருவர்தான், அதுவும் கட்டிய கடமைக்கு.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டா ரீச்சர்.

என் மூக்கு இருட்டிலும் சிவந்திருக்கும். பிள்ளைக்குப் பாதை போடுகிறேன் என்று வந்து, குழியை வெட்டி வைத்துவிட்டேன். நாளைக்குப் பட்டியல். இந்தச் சலித்துப்போன ரீச்சருக்கு முன்னால் இனி அந்தச் சின்னப் பிள்ளை என்ன செய்யும்?

ஆரபி எழும்பி வந்தாள். நான் டோர்ச்சை நீட்டினேன். வாங்கினாள், நிற்பாட்டினாள். அவள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியாத இருட்டு. குரல் மட்டும் வந்தது. உரக்கச் சொல்லவில்லை. சாப்பிட வாங்கோ என்று கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

“எங்கள் வீடு புது வீடு.
இதில் ஒருவரும் சாகவில்லை.
பேய் எப்படி வரும் என்றார் அப்பா.
ம், என்றேன்.”

“ம்” என்றோம் நாங்கள்.

“எங்கள் தெரு புதுத் தெரு.
மரங்கள் எல்லாம் என் உயரம்.
பேய் எதில் ஏறும் என்றார் அம்மா.
ம், என்றேன்.”

“ம்.”

குறட்டை நின்றிருந்தது. வெளியே பிள்ளைகளின் கூச்சலும் எங்கோ தூரப் போய்விட்டது.

“எங்கள் வீட்டில் நாலு அறை.
ஆனால் நாங்கள் மூன்று பேர்.
நாலாவதில் பெட்டிகள் மட்டும்.
ம், என்றேன்.”

“ம்” என்றோம். அந்த அறை எங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரு சுவர்தான் நடுவில். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

“போய்க் கதவைச் சாத்தினேன்.
வெளியே நின்று காது வைத்தேன்.
உள்ளே ஒருவரும் இல்லை என்று
எனக்கு நானே சொன்னேன்.”

நிறுத்திவிட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை.

இருட்டுக்குள்ளே இருந்து வந்தது.

“ம்.”

எனக்குக் கையில் இருந்த மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. சுஜீதன் என் முழங்கையை எலும்பு நோக இறுக்கிப் பிடித்தார். கத்தவில்லை. உண்மையாகப் பயந்தால் இந்த மனுசனுக்குச் சத்தமே வராது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். கதிரை ஒன்று பின்னால் சரிந்தது. யாரோ சுவரைப் படபடவென்று தட்டித் தடவுகிற சத்தம். படாரென்று லைட் எரிந்தது.

ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றது சந்திரவதனா ரீச்சர். மற்றக் கை நெஞ்சில் இருந்தது.

“ஆர்? ஆர் இப்ப ‘ம்’ சொன்னது?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாய்கதிரையில் ஆனந்தராஜா அங்கிள் கண்ணைக் கசக்கினார்.

“நீர்தானப்பா சொன்னீர்” என்றார் மனைவியிடம்.

“நானோ?”

“நீர்தான். எனக்கு உம்மட குரல் தெரியாதோ? அதுக்குத்தானே நான் முழிச்சனான்.”

ரீச்சர் நெஞ்சில் இருந்த கையை எடுத்து வாயைப் பொத்தினா. முப்பது வருஷத்துப் பழக்கம், தன்பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது. கவிதையில் ஆரபி சாத்திய கதவுக்குள்ளே இருந்து பதில் சொன்னது ரீச்சரேதான்.

ஆரபி அப்படியே நின்றாள். “அதுதான் மிஸ் கடைசி வரி. அதை நான் சொல்லக்கூடாது. கேக்கிற ஆக்கள்தான் சொல்லோணும்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எடுத்துப்போடு என்று நான் சொன்ன ‘ம்’. அலறினேன் அரண்டேன் என்று முடிக்கச் சொன்ன இடம். கடவுளே, நான் எப்பேர்ப்பட்ட முட்டாள், இவள் எப்பேர்ப்பட்ட பிள்ளை!

ரீச்சர் சரிந்த கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தா. தாளைத் தாங்கோ என்றா. ஆரபி கொடுத்தாள். தான் போட்ட சிவப்பு வட்டத்தையும் கேள்விக்குறியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு நிமிர்ந்து, ஆரபியை அல்ல, என்னைப் பார்த்தா.

“சிவாஜினி, முதல் சொன்ன அந்தக் கதை. ஏழு வாசல். அது நீர் கட்டினதோ?”

“ஓம் ரீச்சர். நானேதான்.”

“ஒருத்தரும் உதவி செய்யேல்லை?”

“ஒருத்தரும் இல்லை. ஒரு கிழமை இருந்து கட்டினது.”

“உம்மட முழுத் திறமையும் அதுக்குள்ள இருக்கு?”

“முழுக்க” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “அப்ப இதை நீர் எழுதேல்லை. என்ர பிழை. நீர் எழுதியிருக்கேலாது. தலைகீழா நிண்டாலும் உமக்கு இப்பிடி எழுத வராது, சிவாஜினி.”

சுஜீதன் வாயைத் திறக்காமல் கொடுப்புக்குள் சிரித்தார். என் மூக்கு சிவக்கத் தொடங்கியது. வாய் தானாகவே திறந்தது. என்னைப் பார்த்தா இப்படி? என் வீட்டில் வைத்தா? என் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டா?

திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அந்த வசனம் அப்போதுதான் உள்ளே இறங்கியது. உமக்கு எழுத வராது. எனக்கு வராததுதான் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது. நான் ஏழு வாசல் கட்டியும் ஒருவரையும் அசைக்க முடியவில்லை. அவள் ஒரு கதவைச் சாத்தினாள், முப்பது வருஷ ரீச்சர் எழும்பி ஓடினா. கண் கலங்கியது. கோபத்தில் சிவந்த மூக்கு, அப்படியே அழுகை மூக்காக மாறிவிட்டது.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ ரீச்சர்.”

“என்னத்தை?”

“எனக்கு எழுத வராது எண்டதை. பிள்ளைக்குக் கேக்கிறமாதிரிச் சொல்லுங்கோ.”

ரீச்சர் சொன்னா. இரண்டாம் தரம் இன்னும் அழுத்தமாகச் சொன்னா. ஆரபி உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காத பிள்ளை.

“அப்பிடியே அதை எழுதியும் தாங்கோ” என்றேன்.

“விசரே உமக்கு?”

“வாயால சொன்னது காத்தில போயிடும். எழுதித் தாங்கோ, கையெழுத்தும் வையுங்கோ.”

ரீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தா. அதே சிவப்புப் பேனா. பழைய குறிப்பை இரண்டு கோடு போட்டு வெட்டினா. அதன் கீழே நிதானமாக எழுதினா: ‘இக்கவிதை செல்வி ஆரபி சுஜீதனின் சொந்த ஆக்கம். இதனை எழுதும் ஆற்றல் தாயாருக்கு இல்லை என்பதை நேரில் கண்டு உறுதிப்படுத்துகிறேன்.’ திகதி போட்டுக் கையெழுத்து வைத்தா. கேள்விக்குறியையும் வெட்டினா. அந்த வட்டத்தை மட்டும் விட்டுவைத்தா.

“வட்டம் இருக்கட்டும். அது நல்ல வரி” என்றா.

போகும்போது வாசலில் நின்று ஆரபியிடம், “பிள்ளை, நாலாவது அறையை ஒருக்காத் திறந்து காட்டும், நான் நிம்மதியாப் போவன்” என்றா. பகிடியாகத்தான் கேட்டா. ஆனால் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனா.

மறுநாள் பட்டியலில் ஆரபியின் பெயர் இருந்தது. பிறகு போட்டியில் பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இரண்டாமிடம். முதலிடம் வாங்கிய பிள்ளை லக்சன், வீட்டு நாயைப் பற்றி எழுதினான். அதுவும் நல்லாகத்தான் இருந்தது. மண்டபத்தில் விளக்கை நிற்பாட்ட விடமாட்டோம் என்றார்கள். அது மட்டும் நடந்திருந்தால் யார் முதலாமிடம் என்று நான் காட்டியிருப்பேன், சரி விடுங்கள்.

டிவிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கேடயம்தான் இருக்கிறது. பழைய மூன்றையும் பெட்டியில் கட்டி நாலாவது அறையில் வைத்துவிட்டேன். ரீச்சர் எழுதிய தாள் குசினியில் குளிர்பெட்டிக் கதவில், காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். ‘தாயாருக்கு இல்லை’ என்ற இடத்தில் குரலை உயர்த்துவேன். வேர்ஹவுசில் அந்த வியட்நாம்காரருக்கும் போனில் படம் காட்டி, இங்கிலீஷில் விளங்கப்படுத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரபி குசினி மேசையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தமிழ். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“என்ன பிள்ளை எழுதுறாய்? ஒரு நல்ல சொல்லு ஏதும் எடுத்துத் தரட்டோ?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. பேனாவை மட்டும் தூக்கிக் குளிர்பெட்டிப் பக்கம் காட்டினாள்.

“ம்” என்று சொல்லிவிட்டு நான் தேத்தண்ணி போடப் போனேன்.